எலுமிச்சை பூக்கிறது, காய் பிடிக்கவில்லை: கோளாறு மகரந்தத்தில்தானா?

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. "எலுமிச்சை கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை, என்ன செய்வது?" கேள்வி முடிவதற்குள் பதிலும் வந்துவிடும். "மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. ஒரு பிரஷ்ஷை எடுத்துப் பூக்களைத் தடவிவிடுங்கள்." கேட்டவர் மறுநாளே ஓவியம் தீட்டும் பிரஷ்ஷோடு மாடிக்கு ஏறுகிறார். ஒவ்வொரு பூவாகத் தடவுகிறார். பூக்கள் முன்போலவே உதிர்கின்றன. மரமே மலடு என்று முடிவு கட்டி வெட்டிப் போட்டவர்களும் உண்டு. அதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. அந்த மரத்தின் குறை பெரும்பாலும் வேறு எங்கோ இருந்திருக்கும்.

பிரஷ் யோசனை எங்கிருந்து வந்தது என்று யூகிப்பது கடினம் அல்ல. பூசணி, சுரை, பாகல், பீர்க்கு போன்ற கொடிகளில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. காலையில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண்பூவின் நடுவில் தேய்த்தால் சில நாள்களில் பிஞ்சு பருக்கத் தொடங்கும். பலன் கண்ணெதிரே தெரிவதால் அந்த அனுபவம் மனத்தில் பதிந்துவிடுகிறது. அதையே எலுமிச்சைக்கும் பொருத்திப் பார்க்கிறோம். ஆனால் எலுமிச்சைப் பூவின் அமைப்பு வேறு, அது காயாகும் வழியும் வேறு.

இந்தக் கட்டுரையில் எலுமிச்சை என்று நான் சொல்வது நம் சந்தையில் கிடைக்கும் உருண்டையான, மெல்லிய தோலுள்ள, விதையுள்ள நாட்டு எலுமிச்சையை. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி இதற்குப் பெயர்பெற்ற ஊர். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகமும் இந்த இனம்தான். வேறு வகைகளைப் பற்றிச் சொல்லும்போது தனியாகக் குறிப்பிடுகிறேன்.

பூவுக்குள் என்ன இருக்கிறது?

முழுதாக விரிந்த ஓர் எலுமிச்சைப் பூவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே நான்கோ ஐந்தோ வெள்ளை இதழ்கள். அவற்றுக்கு உள்ளே வட்டமாக இருபதுக்கும் மேற்பட்ட மெல்லிய வெள்ளை இழைகள் நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறிய மஞ்சள் பை இருக்கும். இழையும் பையும் சேர்ந்தது மகரந்தத்தாள். நுனியில் இருப்பது மகரந்தப்பை. அது வெடித்து வெளிவரும் மஞ்சள் தூள்தான் மகரந்தம். இது பூவின் ஆண் பாகம்.

இந்த வளையத்தின் நடுவே சற்றுத் தடித்த ஒற்றைத் தண்டு ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் பிசுபிசுப்பான, பளபளக்கும் தலை. அது சூலகமுடி. தண்டுக்குச் சூலகத்தண்டு என்று பெயர். அடியில் இருக்கும் சிறிய பச்சை உருண்டை சூற்பை. நாம் அறுத்துப் பிழியும் எலுமிச்சம்பழம் இந்தச் சூற்பை வளர்ந்து உண்டானதுதான். அதற்குள் இருக்கும் சிறு அறைகள் பின்னாளில் சுளைகளாகின்றன. அறைகளுக்குள் ஒட்டியிருக்கும் நுண்ணிய மணிகள் சூல்கள். அவையே விதைகளாக வேண்டியவை.

ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவில், விரற்கடைகூட இல்லாத தூரத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட பூவை இருபால் பூ என்பார்கள். பூசணிக்கும் எலுமிச்சைக்கும் உள்ள முதல் வேறுபாடு இது. பூசணியில் மகரந்தம் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போயே ஆக வேண்டும். எலுமிச்சையில் அந்தக் கட்டாயம் இல்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எலுமிச்சை மரத்தின் எல்லாப் பூக்களும் முழுமையானவை அல்ல. சில பூக்களில் நடுத்தண்டும் பச்சை உருண்டையும் வளராமல் சூம்பிப்போயிருக்கும், அல்லது இருப்பதே தெரியாது. அவை நடைமுறையில் ஆண்பூக்கள். மகரந்தம் தரும், காயாகாது. எத்தனை முறை பிரஷ்ஷால் தடவினாலும் பயன் இல்லை, ஏனென்றால் காயாக வேண்டிய உறுப்பே அங்கு இல்லை. உதிரும் பூக்களில் ஐந்தாறை எடுத்து நடுவில் பச்சை உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். செலவில்லாத சோதனை இது. பெரும்பாலான பூக்களில் அது இல்லையென்றால், மரம் வலுவிழந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது கவனிக்க வேண்டியது வேரையும் உரத்தையும்தான்.

மூன்று வேறு நிகழ்ச்சிகள்

மகரந்தச் சேர்க்கை, கருவுறுதல், காய்பிடிப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் எல்லாத் தவறான யோசனைகளுக்கும் வேர். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மகன் மணியார்டர் அனுப்பிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் வாசலுக்கு வந்து நிற்பது ஒரு நிகழ்ச்சி. வீட்டில் உள்ளவர் வெளியே வந்து கையெழுத்திட்டுப் பணத்தை வாங்குவது இரண்டாவது. அந்தப் பணத்தை நம்பித் தொடங்கிய கூரை வேலை முடிவது மூன்றாவது. தபால்காரர் தவறாமல் வந்தும் வீடு பூட்டியிருக்கலாம். பணம் கைக்கு வந்தும், வீட்டின் மற்ற வருமானம் போதாமல் கூரை பாதியில் நின்றுவிடலாம். கூரை முடியாத எல்லா வீட்டுக்கும் தபால்காரரையே குறை சொல்ல முடியாது.

பூவில் நடப்பதும் இப்படித்தான். மகரந்தம் சூலகமுடியின் பிசுபிசுப்பில் வந்து ஒட்டுவது மட்டுமே மகரந்தச் சேர்க்கை. அதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. தேனீயோ பிரஷ்ஷோ செய்யக்கூடிய வேலை இத்தோடு முடிந்துவிடுகிறது.

ஒட்டிய மகரந்தத்தூள் அங்கே முளைக்கிறது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டு, சூலகத்தண்டின் உள்ளே கீழ்நோக்கி வளர்ந்து, சூற்பைக்குள் இருக்கும் சூலை அடைகிறது. குழாய் வழியே வந்த ஆண் அணு சூலில் உள்ள முட்டையோடு சேர்வதைக் கருவுறுதல் என்கிறோம். இந்தப் பயணத்துக்குச் சில நாள்கள் ஆகும். இதமான வெப்பத்தில் குழாய் நன்றாக வளரும். குளிர் மிகுந்தால் வேகம் குறையும். கடும் வெயிலில் வழியிலேயே காய்ந்துபோகலாம்.

கருவுற்ற சூல்கள் விதையாக வளரத் தொடங்கும்போது ஹார்மோன்களைச் சுரக்கின்றன. ஹார்மோன் என்பது செடியின் ஒரு பகுதி மற்றப் பகுதிகளுக்கு அனுப்பும் வேதிச் செய்தி. "இந்தப் பூவை உதிர்த்துவிடாதே, உணவு அனுப்பு" என்பதே அதன் சாரம். செய்தி கிடைத்தால் சூற்பை பருக்கிறது. இதழ்களும் மகரந்தத்தாள்களும் உதிர்ந்து, சூலகத்தண்டும் விழுந்து, பச்சைப் பிஞ்சு மட்டும் காம்பில் நிற்கிறது. இதுவே காய்பிடிப்பு. அதன் பிறகும் பிஞ்சுக்கு உணவும் நீரும் போதிய அளவு வந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மரம் அதைக் கழித்துவிடும்.

சுருக்கமாக: மகரந்தம் ஒட்டுவது முதல் படி. குழாய் சூலைச் சேர்வது இரண்டாம் படி. மரம் பிஞ்சைத் தாங்குவது மூன்றாம் படி. முதல் படியில் மட்டுமே வெளியிலிருந்து நாம் கைகொடுக்க முடியும். மற்ற இரண்டும் தட்பவெப்பத்தையும் மரத்தின் உடல்நிலையையும் பொறுத்தவை.

ஒற்றை மரம் காய்க்குமா?

காய்க்கும். இதில் ஐயமே வேண்டாம். ஒரு பூவின் மகரந்தம் அதே பூவிலோ அதே மரத்தின் இன்னொரு பூவிலோ சேர்வது தற்சேர்க்கை. வேறொரு மரத்தின் பூவிலிருந்து வந்து சேர்வது அயல்சேர்க்கை. நாட்டு எலுமிச்சை தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். துணைக்கு இன்னொரு மரம் வாங்க வேண்டும் என்பது தேவையற்ற செலவு. கொல்லைப்புறத்தில் ஒற்றையாக நின்று ஆண்டு முழுதும் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் சேர்த்துக் காய் தரும் மரங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

அதே குடும்பத்தில் மாறான குணம் உள்ளவையும் இருக்கின்றன. பம்ளிமாஸ் பொதுவாகத் தன் மகரந்தத்தை ஏற்காது. தூள் சூலகமுடியில் ஒட்டினாலும் குழாய் சூலைச் சென்றடைய விடாமல் தடுத்துவிடும். கிளமென்டைன் என்னும் மாண்டரின் ஆரஞ்சு வகைக்கும் இதே குணம். ஆனால் அது கருவுறாமலேயே காயை வளர்த்துக்கொள்ளும். விதையில்லாத பழம் கிடைப்பது அதனால்தான். அயல் மரத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிட்டால் விதை வந்துவிடும், சந்தையில் விலை குறைந்துவிடும். அதனால் கலிபோர்னியாவில் பூக்கும் பருவத்தில் மரங்களையே வலையால் மூடித் தேனீக்களை வெளியே நிறுத்துகிறார்கள். தேனீ வராதா என்று நாம் ஏங்குகிறோம். அங்கே தேனீ வந்துவிடக் கூடாதே என்று வலை போடுகிறார்கள். பழத்துக்குப் பழம் தேவை இவ்வளவு மாறும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே யோசனை சொல்வது எப்படிப் பொருந்தும்?

நாற்றுப் பண்ணைகளில் "விதையில்லா எலுமிச்சை" என்று விற்கப்படும் பெரிய காய் வகையும், குறிப்பாகத் தாஹிதி எலுமிச்சை, மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே காய்க்கும். உங்கள் தொட்டியில் இருப்பது அந்த வகையானால் பிரஷ்ஷை எடுக்கவே வேண்டாம். அது காய்க்காமல் இருந்தால் காரணம் நிச்சயமாக மகரந்தம் அல்ல.

காற்று போதாதா?

நெல்லுக்கும் சோளத்துக்கும் போதும். அவற்றின் மகரந்தம் உலர்ந்தது, எடை குறைந்தது, காற்றில் மிதந்து போகும். எலுமிச்சையின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்று அதைத் தூக்கிச் செல்வது அரிது. ஒரு பூவின் மகரந்தத்தாள்கள் சூலகமுடியை ஒட்டியே நிற்பதால், கிளை அசையும்போது அந்தப் பூவுக்குள்ளேயே சிறிது தூள் படலாம். அவ்வளவுதான். அதைவிட ஒழுங்காகவும் நிறையவும் அந்த வேலையைச் செய்வது பூச்சிகள், அவற்றிலும் முக்கியமாகத் தேனீக்கள்.

சூற்பையின் அடியைச் சுற்றி ஒரு சிறு வளையம் தேனைச் சுரக்கிறது. தேனீ அதைக் குடிக்க மகரந்தத்தாள்களின் இடையே தலையை நுழைத்தே ஆக வேண்டும். அப்போது உடல் மயிர்களில் மஞ்சள் தூள் அப்பிக்கொள்கிறது. அடுத்த பூவில் நுழையும்போது அந்தத் தூள் சூலகமுடியில் உரசுகிறது. எலுமிச்சைப் பூவின் மணம் தெருவில் நின்றாலே மூக்கைத் துளைப்பதும் வீணுக்கு அல்ல. தேன் இருக்கும் இடத்தை அது தொலைவுக்கு அறிவிக்கிறது.

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு வரும் தேனீக்கள் பல வகை. மரப்பொந்திலும் பெட்டியிலும் வாழும் இந்தியத் தேனீ, புதரிலும் கிளையிலும் ஒற்றை அடையாகக் கூடு கட்டும் கொம்புத்தேனீ, உயரமான கட்டடங்களிலும் பாறைகளிலும் தொங்கும் மலைத்தேனீ, கொட்டத் தெரியாத சின்னஞ்சிறு கொசுத்தேனீ. இந்தக் கொசுத்தேனீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பழைய வீட்டுச் சுவர் இடுக்கிலும் நிலைக்கதவின் பொந்திலும் அது குடியிருக்கும். வாசலில் பிசினாலான சிறு குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஏதோ பூச்சி என்று நினைத்துச் சிமெண்ட் பூசி அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அடைக்காதீர்கள். மாடித் தோட்டத்துக்கு அதைவிட நல்ல விருந்தாளி கிடையாது.

தேனீ எப்போதும் இருக்கும் என்று எண்ணுவதற்கும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் தாய் சேக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்தது. மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்பை நம்பியிருந்த குடும்பங்கள் அதனால் பெரும் இழப்பைச் சந்தித்தன. நோய் நம் கையில் இல்லை. நாம் தெளிக்கும் மருந்து நம் கையில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உதிர்வது எல்லாம் தோல்வி அல்ல

புதிதாக வளர்ப்பவர்களை மிகவும் கலங்க வைப்பது தரையில் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும் பூக்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி எல்லாமே தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு பூக்கும் மரங்கள். நூறு பூ பூத்தால் சில மட்டுமே முழுக் காயாக நிற்கும். ஆரஞ்சு வகைகள் சிலவற்றில் நூற்றுக்கு ஒன்று நின்றாலே தோப்புக்காரருக்கு நிறைவு. தேனீக்கள் மொய்க்கும் தோப்பிலும் இதுதான் கணக்கு. நூறும் நின்றால் கிளை ஒடிந்துவிடும், அல்லது எல்லாக் காயும் சுண்டைக்காய் அளவோடு நின்றுபோகும்.

ஆகவே "பூ உதிர்கிறதா?" என்று கேட்பதில் பொருள் இல்லை. எந்தக் கட்டத்தில் உதிர்கிறது என்று பார்க்க வேண்டும். மரத்தடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, விழுபவற்றைக் காலையில் பார்த்தால் ஓரளவு விளங்கிவிடும்.

இதழ் விரிந்த சில நாள்களிலேயே பூ காம்போடு முழுதாக விழுந்து, நடுவில் பச்சை உருண்டை சிறிதும் பருக்காமல் இருந்தால், அவை ஆண்பூக்களாக இருக்கலாம், அல்லது மகரந்தம் சேராமல் போயிருக்கலாம். உருண்டை நன்றாக இருந்தும் எல்லாமே இப்படி விழுகிறது, மரத்தில் தேனீ ஒன்றையும் காணோம் என்றால் மகரந்தக் குறைவைச் சந்தேகிப்பது நியாயம்.

இதழ்கள் உதிர்ந்து, மிளகு அளவுப் பிஞ்சு காம்பில் நின்று, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கடலை அளவில் விழுகிறது என்றால் கதை வேறு. மகரந்தம் வந்து சேர்ந்துவிட்டது, பிஞ்சு வளரவும் தொடங்கிவிட்டது. மரத்தால் தாங்க முடியவில்லை. என்னைக் கேட்கும் பலரின் மரத்தில் நடப்பது இதுதான். இவர்கள் பிரஷ்ஷைத் தேடுவது வீண் உழைப்பு.

மொட்டாக இருக்கும்போதே விழுந்தால் மகரந்தத்துக்கு அதில் வேலையே இல்லை. பூ இன்னும் விரியவே இல்லை. பெரும்பாலும் தண்ணீர்க் கோளாறு, கடும் வெயில், அல்லது தொட்டியை இடம் மாற்றிய அதிர்ச்சி.

இன்னொரு சாட்சியும் உண்டு. எப்போதாவது ஒரு காய் பழுத்துக் கையில் கிடைத்தால் குறுக்கே அறுத்து விதைகளைப் பாருங்கள். நாட்டு எலுமிச்சையில் ஒவ்வொரு நல்ல விதையும் ஒரு சூல் கருவுற்றதன் அடையாளம். பழத்தில் பல விதைகள் இருந்தால், அந்தப் பூவுக்கு மகரந்தம் தாராளமாகவே கிடைத்திருக்கிறது.

தேனீயை விரட்டாமல் இருப்பது

பூக்கும் மரத்துக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி, கெடுதல் செய்யாமல் இருப்பது. எலுமிச்சைச் செடியில் இலைத்துளைப்பான் கோடு போடும். பறவை எச்சம் போன்ற தோற்றத்தில் ஒரு புழு இலையைத் தின்னும். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு. கறிவேப்பிலையிலும் அதைப் பார்க்கலாம். இவற்றைக் கண்டதும் பூச்சிமருந்துக் கடைக்கு ஓடி, எது கொடுத்தாலும் வாங்கி வந்து தெளிப்பது பெருந்தவறு. பூ விரிந்திருக்கும்போது தெளித்த மருந்து பூவுக்கு வரும் தேனீயைக் கொல்கிறது. இமிடாக்ளோபிரிட் போன்றவை செடியின் உள்ளே பரவி மகரந்தத்திலும் தேனிலும் கலந்துவிடுகின்றன. இலைக்குத்தானே தெளித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. மகரந்தம் சேரவில்லை என்று புலம்பிக்கொண்டே அதைச் சேர்க்க வருபவற்றைக் கொல்வது எவ்வளவு பெரிய முரண்!

இரண்டு மூன்று மரம் வைத்திருப்பவர் புழுவைக் கையால் எடுத்துவிடலாம். இலைத்துளைப்பான் தாக்கிய துளிரைக் கிள்ளிவிடலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தே ஆக வேண்டுமானால் தேனீ கூடு திரும்பிய பிறகு, மாலை மங்கும் நேரத்தில், பூவில் படாமல் தெளியுங்கள். பூக்கும் பருவம் முடியும் வரை பொறுப்பது அதைவிட நல்லது.

அடுத்தது அழைப்பு. எலுமிச்சை ஒருமுறை பூத்து ஓய்ந்தபின் தேனீக்கு அங்கே வேலை இல்லை. ஆண்டு முழுதும் ஏதாவது ஒரு பூ அருகில் இருந்தால் அந்த இடம் அவற்றின் வழக்கமான பாதையில் சேர்ந்துவிடும். துளசியையும் திருநீற்றுப்பச்சிலையையும் கதிர்விடுமுன் கிள்ளாமல் ஓரிரு செடியைப் பூக்க விடுங்கள். முருங்கை இருந்தால் இன்னும் நல்லது. சூரியகாந்தி தொட்டியிலும் வளரும். அகலமான தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். கல்லின் மேல் உட்கார்ந்து தேனீ நீர் குடிக்கும், மூழ்கிச் சாகாது. கொசு பெருகாமல் இருக்கத் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் வளர்ப்பவர்கள் வலையைக் கவனிக்க வேண்டும். புறாவுக்காகக் கட்டும் வலையின் கண்கள் பெரியவை. தேனீ தாராளமாக நுழையும். கொசுவலை அடித்த பால்கனியில் எதுவும் நுழைய முடியாது. எல்லாப் பக்கமும் நிழல்வலையால் மூடிய குடிலும் அப்படித்தான். பூக்கும் நாள்களில் காலை வேளையாவது ஒரு பக்கத்தைத் திறந்துவையுங்கள்.

கையால் செய்ய வேண்டியது எப்போது?

சில பயிர்களுக்குக் கைச் சேர்க்கை உயிர்நாடி. வெனிலாவை அதன் தாயகமான மெக்சிகோவுக்கு வெளியே பூக்க வைத்தும் காய் பெற முடியாமல் உலகம் தவித்தது. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் அந்தப் பூவைக் கருவுறச் செய்யும் எளிய முறையைக் கண்டுபிடித்தான். இன்றும் வெனிலாத் தோட்டங்களில் அந்த முறைதான். எலுமிச்சை அப்படிப்பட்ட பயிர் அல்ல. புளியங்குடித் தோப்புகளில் யாரும் பிரஷ்ஷோடு மரம் மரமாகப் போவதில்லை.

ஆனாலும் கை தேவைப்படும் இடங்கள் உண்டு. பூச்சி நுழைய முடியாத மூடிய பால்கனி, கண்ணாடி அறை, குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுதும் வீட்டுக்குள் வைக்கப்படும் தொட்டி. பூக்கும் வாரம் முழுதும் மழை பெய்து தேனீ வெளியே வராமல் போனாலும் செய்து பார்க்கலாம்.

செய்முறை எளிது. காலையில் பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். முழுதாக விரிந்த பூவின் மகரந்தப்பைகளை விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பை இன்னும் வெடிக்கவில்லை, சிறிது நேரம் கழித்து வாருங்கள். மென்மையான, நன்கு உலர்ந்த பிரஷ்ஷை அந்தப் பைகளின் மேல் மெல்லச் சுழற்றித் தூளை எடுத்து, நடுத்தண்டின் உச்சியில் உள்ள சூலகமுடியில் பட வையுங்கள். காது சுத்தம் செய்யும் பஞ்சுக்குச்சியும் போதும். பூவின் எல்லாப் பக்கமும் தடவுவதில் பயன் இல்லை. அந்த ஒரு புள்ளியில் பட்டால் போதும். ஒரு பூவிலிருந்து எடுத்ததை அடுத்தடுத்த பூக்களில் தொட்டுக்கொண்டே போகலாம். மறுநாளும் ஒருமுறை செய்யுங்கள், ஏனெனில் கொத்தில் உள்ள பூக்கள் ஒரே நாளில் விரிவதில்லை. அழுத்தித் தேய்த்தால் சூலகமுடி காயப்பட்டுவிடும்.

பூத்திருக்கும் நாள்களில் மரத்தின் மேல் குழாயைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். தூள் கழுவிப்போய்விடும். வேரில் மட்டும் ஊற்றினால் போதும்.

சுருக்கமாக: திறந்தவெளியில் தேனீ வரும் மரத்துக்குக் கைச் சேர்க்கை வேண்டாம். மூடிய இடத்தில் வேண்டும். அப்போதும் சூலகமுடி ஒன்றே இலக்கு.

மகரந்தம் சேர்ந்தும் நிற்காவிட்டால்

இங்கேதான் பெரும்பாலான மரங்களின் விடை இருக்கிறது. முதலில் வெயில். எலுமிச்சைக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் நிழலில் நிற்கும் மரம் பூப்பது வரை வந்துவிடும், காயைத் தாங்குவதற்கு அதனிடம் உணவு இருக்காது.

அடுத்தது தண்ணீர். சில நாள் வறட்டிவிட்டுத் திடீரென்று வெள்ளமாக ஊற்றினால் பிஞ்சுகள் கொத்தாகக் கொட்டும். வறட்சிக்குப் பின் நீர் கிடைத்தால் எலுமிச்சை பூக்கும் என்பது உண்மை. மழைக்குப் பின் அது பூத்துக் குலுங்குவதும் அதனால்தான். ஆனால் பூத்த பிறகு அந்த ஏற்ற இறக்கம் கூடாது. மண் சேறாகவும் இருக்கக் கூடாது, வெடிக்கவும் கூடாது. தொட்டியில் இது கடினம். சிறிய தொட்டி ஒரே பகலில் காய்ந்துவிடும். ஒன்றரை அடிக்குக் குறையாத அகலமும் ஆழமும் உள்ள தொட்டியும், மேலே சருகு மூடாக்கும் இந்தப் பாதிப்பைக் குறைக்கும்.

உரத்தில் தழைச்சத்து மட்டும் கூடினால் மரம் இலையாகவே வளரும். யூரியா போட்டுப் பச்சைப்பசேல் என்று நிற்கும் மரம் காய்க்காமல் இருப்பதில் புதிர் இல்லை. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்ந்த மக்கிய தொழுஉரம் கொடுங்கள். இளம் இலைகள் சிறுத்து, நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம். எலுமிச்சையில் அது மிகவும் பரவலானது.

மரத்தின் வயதையும் பாருங்கள். முதன்முதலாகப் பூக்கும் இளங்கன்று எல்லாப் பூவையும் உதிர்த்துவிடுவது இயல்பு. அதற்கு மருந்து பொறுமைதான்.

வேறு மரத்தின் மகரந்தம் சுவையை மாற்றுமா?

சாத்துக்குடிப் பூவின் மகரந்தத்தை எலுமிச்சையில் தடவினால் புளிப்பு குறையுமா, பக்கத்தில் நாரத்தை இருந்தால் எலுமிச்சை கசக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. மாறாது. தோலும் சுளையும் சாறும் தாய்மரத்தின் சூற்பையிலிருந்து வளர்ந்தவை. தந்தையின் பங்கு விதைக்குள் இருக்கும் கருவில் மட்டுமே இருக்கும். எந்தத் தேனீ எங்கிருந்து தூளைக் கொண்டுவந்தாலும் உங்கள் எலுமிச்சையின் சாறு அந்த மரத்துக்கே உரிய சாறுதான்.

விதையிலும் எலுமிச்சைக்கு ஒரு வியப்பான குணம் உண்டு. ஒரு விதையை ஊன்றினால் சில நேரம் இரண்டு மூன்று நாற்றுகள் முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை கருவுற்ற முட்டையிலிருந்து உண்டானவை அல்ல. சூலுக்குள் முட்டையைச் சுற்றியிருந்த தாய்மரத்தின் திசுவிலிருந்தே நேரடியாகத் தோன்றிய கருக்கள். அதனால் அவை தாயை அப்படியே ஒத்திருக்கும். நல்ல காய் தரும் மரத்தின் விதையைக் கேட்டு வாங்கி ஊன்றுவதை நம் ஊர்களில் பலன் தரும் வழியாகக் கண்டதற்கு இதுவே காரணம். ஒரு விதையில் பல நாற்று வந்தால் எல்லாவற்றிலும் மிகச் சிறுத்து, தோற்றத்தில் வேறுபட்டு நிற்பதை நீக்கிவிட்டு, ஒரே மாதிரி செழிப்பாக வளர்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். விதைக் கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும். அவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் பதியன் போட்ட கன்றையோ ஒட்டுக்கன்றையோ வாங்கினால் பாதிக் காலத்தில் காய் பார்க்கலாம்.